சட்டை ஏற்றும் சடங்கு

பஃபலோ ரோடு, தேக்கா
7 ஜூலை 2025

தம்பி சேதுபதிக்கு,

உங்கள் நம்பரைத் தடுத்துவைத்திருக்கிறேன். மறுபடி மறுபடி அடித்துப் பார்க்க வேண்டாம். நேரில் வரவும் வேண்டாம். வந்தால் அண்ணி, கொழுந்தன் என்கிற மரியாதை வாசலிலேயே போய்விடும். எழுதினால் படிப்பேன். கோர்ட்டில் முப்பது வருஷம் மொழிபெயர்த்தவள் நான். வாயால் வழுக்கிவிட்டுப் போகிற ஆளைக்கூட எழுத வைத்தால் பிடித்துவிடலாம்.

நேற்று தெம்பனிஸில் அம்பிகைபாகனின் அந்தியேட்டி. கோர்ட்டில் என் பக்கத்து மேசைக்காரர், உங்களுக்கும் தெரியும். முப்பத்தோராம் நாள் காரியமெல்லாம் முடிந்து இலை போடப் போகிற நேரம். அந்திமச் சேவைக் கம்பெனி ஆள் ஒருவன், கழுத்தில் டை, கையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத வெள்ளைச் சட்டை. அம்பிகைபாகனின் மனைவி இராசமலரைக் கூப்பிட்டான்.

"அம்மா, சட்டை ஏத்துற சடங்கு ஒண்ணு பாக்கி இருக்கு."

"எங்கட ஆக்கள் இப்பிடி ஒண்டும் செய்யிறேல்லையே" என்றாள் அவள்.

"இது சிங்கப்பூர்த் தமிழங்க வழக்கம்மா. எல்லாரும் செய்றாங்க லா. பேக்கேஜ்லயே வருது."

உறையைப் பிரித்தான். பன்னீர் தெளித்தான். துணி காயப்போடும் மூங்கில் கம்பில் சட்டையைக் கோத்து, சமையலறை ஜன்னலுக்கு வெளியே நீட்டச் சொன்னான். பாவம், அவளும் நீட்டினாள். இன்னொருவன் போனில் படம் பிடித்தான். "கொஞ்சம் இந்தப் பக்கம் பாத்து அழுங்கம்மா, முகம் தெரியல" என்றான். தம்பி, அது அம்பிகைபாகன் போட்ட சட்டைகூட இல்லை. அவருடைய அளவுகூட இல்லை!

காரிய வீட்டில் சாப்பிடாமல் எழுந்து வந்த ஒரே ஆள் நான்தான். வருகிற வழியில் அந்த டைக்காரனை மடக்கினேன்.

"இத யாருப்பா ஒனக்குச் சொன்னா?"

போனை நீட்டினான். "ஏஐ-கிட்ட கேட்டேன் ஆன்ட்டி. சிங்கப்பூர் தமிழ் ஃபியூனரல்னு போட்டா எல்லாம் வரும்."

அதற்குள் இது எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியாதா? உங்கள் அண்ணன் போன அன்று, ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த சட்டையைத் துவைத்துக் கம்பில் போட்டேன். பிறகு எடுக்க மனசு வரவில்லை. காய்ந்தது, மழையில் நனைந்தது, மறுபடி காய்ந்தது. அது சடங்கு இல்லை. எனக்குப் பிடித்த பைத்தியம். அதைத்தான் 'ஒற்றைக் கம்பு' நாவலில் ஒரு அத்தியாயமாக எழுதினேன். முந்நூறு பிரதி அச்சிட்டேன். உங்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிரதியின் முதுகை அறுத்து, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, உங்கள் 'நூல் தானம்' குழுவில் போட்டீர்கள். நீங்களே வந்து பெருமையாகச் சொன்னீர்கள். அங்கிருந்து அது இணையத்திலிருக்கும் திருட்டு நூலகத்துக்குப் போனது. அந்த நூலகத்தை அமெரிக்கக் கம்பெனி ஒன்று மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய்த் தன் இயந்திரத்துக்குத் தீனி போட்டது. இப்போது என் பைத்தியத்தை என் சிநேகிதிக்கே பேக்கேஜில் விற்கிறார்கள்.

வினுஷா என்று ஒரு வக்கீல் பெண். என்னையும் சேர்த்து ஆறு எழுத்தாளர்களுக்காக அந்தக் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறாள். முறையாகக் கையில் கிடைத்த பிரதியைத்தான் கணினிக்குக் கொடுக்கலாம் என்று இங்கே சட்டமாம். அதனால், "அனுமதி இல்லாமல் நான்தான் ஸ்கேன் செய்து போட்டேன்" என்று நீங்கள் ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

லீலா


உட்லண்ட்ஸ்
15 ஜூலை 2025

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கண்டேன். திருடன் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. ஆயினும் ஒவ்வொரு வரியிலும் அது என்னைப் பார்த்து முறைத்தது.

அண்ணி, மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். முந்நூறு பிரதியில் எத்தனை விற்றது? வெளியீட்டு விழாவுக்கு வந்தவர்கள் மரியாதைக்கு வாங்கியது போக, மிச்சமெல்லாம் உங்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. கரையானாவது படித்ததா என்றால், சிங்கப்பூர் அடுக்குமாடியில் அதற்கும் வழியில்லை. நான் போட்ட பிறகு மதுரையிலிருந்து எழுதினார்கள், டொராண்டோவிலிருந்து எழுதினார்கள். குடத்துக்குள் இருந்த விளக்கைக் குன்றின் மேல் வைத்தேன். ஒரு காசு வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதற்கே கொடுத்தேன். என் வீட்டுக்காரி இன்னும் திட்டுகிறாள்.

அந்த நாவல் முழுக்க அண்ணன் இருக்கிறார். அவர் ஒரு கட்டிலுக்கடியில் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அதுதான் உண்மை.

இயந்திரம் படித்தது என்கிறீர்கள். படிக்கட்டுமே! நாளைக்கு உலகமே அதனிடம்தான் கேட்கப் போகிறது. அதில் தமிழ் இல்லாமல் போனால் நம்மை யார் சீந்துவார்கள்? ஓர் எழுத்தாளர் எழுதியதைப் பார்த்து ஒரு சமூகம் புதிய வழக்கத்தைக் கைக்கொள்கிறது என்றால் அது எழுத்தின் வெற்றி அல்லவா? நல்ல வழக்கம் ஒன்று பிறந்திருக்கிறது. அதற்குத் தாய் தாங்கள். பெருமைப்படாமல் வழக்குப் போடுகிறீர்கள்.

வாக்குமூலம் என்னால் முடியாது. நான் தமிழாசிரியர். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. வகுப்பில் பிள்ளைகள் காப்பி அடித்தால் பெற்றோரைக் கூப்பிடுகிறவன், திருட்டுப் பிரதி போட்டேன் என்று நானே எழுதிக் கொடுத்தால் என் நிலைமை என்ன? நீங்கள் சோறு போட்டு வளர்த்த பிள்ளை நான். என்னைக் காட்டிக் கொடுத்துத்தான் உங்கள் நாவலைக் காப்பாற்ற வேண்டுமா?

என்றும் மரியாதையுடன்,
சேதுபதி


பஃபலோ ரோடு
2 ஆகஸ்ட் 2025

திரு. சேதுபதி அவர்களுக்கு,

தாங்கள் குன்றின் மேல் வைத்த விளக்கைப் பிடித்துக்கொண்டுதான் திருடர்கள் என் வீட்டுக்குள் வந்தார்கள்.

கம்பெனி வக்கீல்களிடமிருந்து பதில் வந்துவிட்டது. வினுஷா படித்துக் காட்டினாள். காது சரியாகக் கேட்கவில்லையோ என்று இரண்டாம் தரம் படிக்கச் சொன்னேன். அவர்கள் சொல்வதைத் தமிழில் தருகிறேன், இது என் பழைய தொழில்தானே: சட்டை ஏற்றும் சடங்கு லீலா என்பவரின் கற்பனை அல்ல, அது சிங்கப்பூர்த் தமிழ்ச் சமூகத்தின் மரபு, மரபுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, அந்த அம்மையாரும் அதைத் தம் சமூகத்திடமிருந்துதான் எடுத்திருக்க வேண்டும். ஆதாரமாக அந்திமச் சேவைக் கம்பெனிகளின் துண்டுப் பிரசுரங்களை இணைத்திருக்கிறார்கள்.

புரிகிறதா? இயந்திரம் சொன்னதைக் கேட்டு இவன் பிரசுரம் அடித்தான். இவன் பிரசுரத்தைக் காட்டி அவன் தப்பிக்கிறான். கடைசியில் காப்பி அடித்தவள் நான்! திருடன் என் வீட்டுக்குள் புகுந்து, குளித்து, என் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு, கதவைத் திறந்து "யாரும்மா வேணும்?" என்று என்னையே கேட்கிறான்.

நானும் அந்த இயந்திரத்திடம் கேட்டுப் பார்த்தேன். "தங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்" என்று ஆரம்பித்தது. சீ, என்ன பவ்யம்! பிறகு, சட்டை ஏற்றுதல் மிகப் பழமையான சடங்கு என்றும், கப்பலில் வந்த நெசவாளர்கள் கொண்டுவந்தது என்றும் அளந்தது. எந்த நெசவாளன், எந்தக் கப்பல்? ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு கட்டி சோப்பு, நான். வேறு யாரும் இல்லை அங்கே. அடுத்து ஒரு பத்தி வந்தது. காற்றில் சட்டைக் கை ஆடுவதை அது வர்ணித்த விதம். என் வாக்கியம். ஒரு சொல்லை மாற்றியிருந்தது, அதுவும் மட்டமாக. போனைச் சோபாவில் வீசிவிட்டுப் போய்க் கை கழுவினேன். திரும்பத் திரும்பக் கழுவினேன்.

நல்ல வழக்கம் பிறந்திருக்கிறது, தாய் நான் என்று எழுதியிருக்கிறீர்கள். என் வயிற்றைக் கிழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டு, குழந்தை நலம் என்று வந்து சொல்கிறீர்கள். வெட்கமாக இல்லை?

இன்னொன்று. உங்கள் குழுவில் ஒரு பெரிய மனிதர் எனக்கு எழுதினார்: "மேடம், நம்ப தமிழையும் மதிச்சு எடுத்திருக்காங்களே, அதுவே பெருசு லா." வீடு புகுந்தவன் நம் அண்டாவையும் விட்டுவைக்காமல் தூக்கினானே என்று சந்தோஷப்படுகிற சாதி நாம்.

இப்போது எனக்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, நீங்கள் கேட்காமல் ஸ்கேன் செய்தது. இரண்டு, அந்தச் சட்டை. அதற்கு முன்னால் அப்படி யாரும் செய்து நீங்கள் பார்த்ததில்லை என்பதும், நான் செய்ததை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள் என்பதும். அப்போது என் வீட்டுக்கு வந்து அதைப் பார்த்தவர் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் வாயைத் திறக்காவிட்டால், உங்கள் அண்ணனுக்காக நான் செய்தது நான் செய்ததே இல்லை என்றாகிவிடும். இதற்கு மேல் கெஞ்ச எனக்குத் தெரியாது.

லீலா


உட்லண்ட்ஸ்
24 ஆகஸ்ட் 2025

அண்ணி,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்தேன். கோபம். உண்மையைச் சொன்னால் நான்கு பக்கம் காரசாரமாக எழுதி வைத்திருந்தேன், அனுப்பவில்லை. இப்போது அது குப்பையில் இருக்கிறது.

நேற்று என் சக ஆசிரியை அனுப்ரியாவின் அப்பாவுக்குக் காரியம், யீஷூனில். சட்டை வரும் என்று தெரியும், மனசைத் திடப்படுத்திக்கொண்டுதான் போனேன். சட்டை வந்தது. அதோடு முடியவில்லை. கம்பெனிக்காரன் கூட்டத்தைப் பார்த்து, "இறந்தவரோட தம்பி யாரு? முன்னால வாங்க" என்றான். அனுப்ரியாவின் சித்தப்பா, எழுபது வயசுக்காரர், எழுந்து போனார். அவர் கையில் ஒரு அட்டையைக் கொடுத்தார்கள். மூக்குக் கண்ணாடி கொண்டுவரவில்லை போலிருக்கிறது, எட்டத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"அண்ணி, சட்டைய எடுங்க. பாக்கிறவங்க என்ன நெனைப்பாங்க?"

அண்ணி, அது என் வசனம்.

மூன்று தடவை சொல்ல வேண்டுமாம். மூன்று தடவையும் அந்த அம்மா தலையை ஆட்டி மறுக்க வேண்டுமாம். இரண்டாம் தடவை அந்த அம்மா உண்மையாகவே சட்டையை எடுக்கப் போய்விட்டார். "இல்லம்மா, இன்னும் ஒரு வாட்டி இருக்கு" என்று கம்பெனிக்காரன் கையைப் பிடித்து நிறுத்தினான். யாரோ சிரித்தார்கள். அண்ணன் செத்த துக்கத்தில் இருக்கிற ஒரு கிழவர், என் வசனத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு நிற்கிறார்.

அன்று நான் உங்களிடம் கத்தியது நிஜக் கோபத்தில். கீழ்வீட்டுக்காரர்கள் பேசுகிறார்களே என்கிற எரிச்சலில். நாவலில் நீங்கள் அதை அப்படியே எழுதியபோது எனக்கு உறுத்தியது, ஆனாலும் சரி, உண்மைதானே என்று விட்டேன். என் அற்பக் கோபத்தை மந்திரமாக்கி வைத்திருக்கிறார்கள், அண்ணி! அருவருப்பாக இருக்கிறது. லிப்ட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். நல்ல வழக்கம் பிறந்தது என்று உங்களுக்கு எழுதினேனே, அந்தக் கையை என்ன செய்வது?

அந்தக் கம்பெனிக்காரனிடம் போய்ச் சொன்னேன். "தம்பி, இது எங்க வீட்ல நடந்தது. எங்க அண்ணி செஞ்சது. கதையில வந்தது."

"சார், நீங்க தமிழ் சாரா இருந்துகிட்டு நம்ப கல்ச்சரே தெரியாம இருக்கீங்களே" என்றான்.

எழுதித் தருகிறேன். எப்படி எழுத வேண்டும் என்று சொல்லுங்கள்.

சேதுபதி


பஃபலோ ரோடு
29 ஆகஸ்ட் 2025

தம்பி,

குறித்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதுங்கள், மொழிபெயர்ப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். அடைமொழி வேண்டாம். பழமொழி வேண்டவே வேண்டாம். நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பது யாருக்கும் தேவையில்லை. என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள், அது மட்டும். என்னை நல்லவளாகக் காட்ட முயற்சி செய்யாதீர்கள். உங்களையும்தான். அந்த நாளை முழுசாக எழுதுங்கள், எதையும் விடாதீர்கள்.

எழுதி முடித்ததும் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்திட வேண்டும். சிராங்கூன் ரோட்டில் நகைக்கடை மாடியில் ஒருவர் இருக்கிறார், அப்துல் கஃபார். என் பெயரைச் சொல்லுங்கள். மூலப் பிரதியை எனக்குத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

வினுஷா அவசரப்படுகிறாள்.

லீலா


உட்லண்ட்ஸ்
20 செப்டம்பர் 2025

அண்ணி,

வாக்குமூலத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கஃபார் பாய் முழுவதையும் படித்தார். பிறகு முத்திரை குத்தினார். ஸ்கேன் செய்த விஷயம் முதல் பக்கத்தில் இருக்கிறது, அது வெறும் தகவல். இரண்டாம் பக்கத்தை மட்டும் இங்கேயும் எழுதுகிறேன், தபாலில் நனைந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

"அண்ணன் இறந்து இரண்டாம் வாரம் அண்ணி வீட்டுக்குப் போனேன். கீழேயிருந்து பார்க்கும்போதே ஜன்னலுக்கு வெளியே ஒரு சட்டை மட்டும் தொங்கியது. நீலக் கோடு போட்டது. அண்ணனுடையது. அப்படி ஒரு வழக்கம் எங்கள் குடும்பத்திலோ எங்களுக்குத் தெரிந்த குடும்பத்திலோ இல்லை. அதற்கு முன்னால் நான் எங்கும் பார்த்ததில்லை. மேலே போனேன். சட்டையை எடுங்கள், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சத்தம் போட்டேன். அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நானே போய்க் கம்பை உள்ளே இழுத்தேன். அண்ணி ஈரக் கையோடு வந்து கம்பைப் பிடித்துக்கொண்டார். 'எடுத்தா மடிக்கணும். மடிச்சா முடிஞ்சிரும், தம்பி' என்றார். நான் கம்பை விட்டுவிட்டேன். அன்று எனக்குத் தோசை ஊற்றிக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு வந்தேன். கம்பைப் பிடித்துக்கொண்டு சொன்ன அந்த வாக்கியத்தை அவர் நாவலில் எழுதவில்லை. நானும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை."

பள்ளி முதல்வரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். கோர்ட்டில் போனால் எப்படியும் வெளியே வரும், மற்றவர் வாயால் அவர் கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். மரியாதையாகத்தான் பேசினார். பள்ளியின் விசாரணை முடியும்வரை வகுப்பு எடுக்க வேண்டாம் என்றார். தமிழ் மொழி விழாக் குழுவிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். 'நூல் தானம்' குழுவைக் கலைத்துவிட்டேன். அதற்காக என்னைத் துரோகி என்று எழுதியிருக்கிறார்கள். நான் ஸ்கேன் செய்த நாற்பது புத்தகத்தை வாங்கிப் படித்தவர்தான் அதை எழுதினார்.

ஆனால் ஒன்று, அண்ணி. எழுதி முடித்தபோது லேசாக இருந்தது. கோர்ட்டில் அவர்கள் இதைப் படிக்கட்டும். மரபாம், மரபு! என் அண்ணி செய்தது என்று அவர்கள் காதில் விழட்டும்.

எப்போது தாக்கல் செய்கிறார்கள்?

உங்கள் தம்பி,
சேதுபதி


பஃபலோ ரோடு
27 செப்டம்பர் 2025

தம்பி,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார முடியவில்லை.

தாக்கல் எதுவும் இல்லை. வழக்கே இல்லை. அமெரிக்காவில் அங்குள்ள எழுத்தாளர்கள் அந்தக் கம்பெனிமேல் போட்ட வழக்கைச் சமரசம் பேசி முடித்துவிட்டார்கள். அங்கே முறைப்படி பதிவு செய்த புத்தகங்கள் மட்டும்தான் கணக்கில் சேரும். நம்முடையதை யார் அங்கே போய்ப் பதிந்தார்கள்? இங்கே தனியாக வழக்காடலாம் என்றால் மற்ற ஐந்து பேரும் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். ஒருவருக்கு உடம்பு சரியில்லை, ஒருவருக்கு மகன் கல்யாணம், ஒருவர் அதே கம்பெனியின் மாநாட்டில் தமிழ் பற்றிப் பேசப் போகிறார். வினுஷா அழுதாள். அவளை நான் சமாதானப்படுத்தினேன்.

இதை அவள் எனக்குச் சொன்னது ஆகஸ்ட் 29 காலையில். அன்று மத்தியானம்தான் உங்களுக்கு எப்படி எழுத வேண்டும் என்று பாடம் எடுத்தேன். வினுஷா அவசரப்படுகிறாள் என்று எழுதியது பொய்.

ஏன் என்று கேட்பீர்கள். நாடு முழுக்கக் கம்பு நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் பத்து வருஷத்தில் லீலாவும் அந்தச் சடங்கைச் செய்தாள் என்றுதான் சொல்வார்கள். அதைச் செய்தது நான், எனக்குத்தான் வலித்தது என்று யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும் என்று வெறி வந்துவிட்டது. கோர்ட்டுக்கு என்று சொன்னால்தான் நீங்கள் கவனமாக எழுதுவீர்கள். எனக்காக என்றால் நான்கு செய்யுள் போட்டு, ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பீர்கள்.

'மடிச்சா முடிஞ்சிரும்.' அதை எழுத எனக்குக் கை வரவில்லை, அதனால்தான் நாவலில் இல்லை. நான் அதைச் சொன்னது எனக்கே மறந்துபோயிருந்தது. எந்த இயந்திரத்திடமும் இல்லாத ஒரு வரி, இத்தனை வருஷமாக உங்களிடம் பத்திரமாக இருந்திருக்கிறது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நீங்கள் முதல்வரிடம் போய் நிற்பீர்கள் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் நிறுத்தியிருப்பேனா என்று தெரியவில்லை. என்னைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

முதல்வரிடம் வந்து பேசுகிறேன். வேண்டாம் என்றாலும் வருவேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்டு இதை முடிக்கலாம் என்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். கேட்கப் போவதில்லை. என்னுடையதை நீங்களும் அவர்களும் எப்படி எடுத்தீர்களோ, அப்படியேதான் உங்களுடையதை நானும் எடுத்திருக்கிறேன், உங்களைக் கேட்காமல்.

எப்படி இருக்கிறது, தம்பி?

லீலா